ஆழம் காட்டும் திரை: அட்ரீனல் அறுவை சிகிச்சையில் முப்பரிமாணப் படங்கள்

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடையே கொண்டவை. ஆயினும் இரத்த அழுத்தம், உடலின் உப்புச் சமநிலை, சர்க்கரைப் பயன்பாடு, அச்சமும் அதிர்ச்சியும் நேரும்போது உடல் காட்டும் எதிர்வினை ஆகிய அனைத்திலும் இவற்றின் ஆட்சி உண்டு. வலப்புறச் சுரப்பி முக்கோண வடிவிலும் இடப்புறச் சுரப்பி பிறை வடிவிலும் இருக்கும். பொன்மஞ்சள் நிறமுள்ள புறணி ஆல்டோஸ்டீரோன், கார்டிசோல் முதலிய ஹார்மோன்களைச் சுரக்க, அதற்குள் பொதிந்திருக்கும் அகணி அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் சுரக்கிறது. சுரப்பி சிறியதேயானாலும் அதில் தோன்றும் கட்டியை அகற்றுவது எளிய காரியமன்று. சிக்கல் கட்டியில் இல்லை, கட்டியின் அண்டைவீட்டாரில் இருக்கிறது.

வலப்புறத்தில் மேலே கல்லீரல் கவிந்திருக்க, உட்பக்கத்தில் உடலின் கீழ்ப்பாதி இரத்தம் முழுவதையும் இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப் பெருஞ்சிரை ஒட்டியே செல்கிறது. அட்ரீனலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் முதன்மைச் சிரை இப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமே உடையது. அதுவும் வேறெந்தச் சிரையின் வழியாகவும் செல்லாமல் பெருஞ்சிரையின் பின்பக்கவாட்டுச் சுவரில் நேராகத் திறக்கிறது. இவ்வளவு குட்டையான குழாயில் இரு கிளிப்புகளை இட்டு நடுவே வெட்ட வேண்டியிருப்பதால், கருவி சற்றே தவறினாலும் கிழிவது பெருஞ்சிரையின் சுவரே ஆகும். இடப்புறச் சிரை இதைவிட நீளமானது; உதரவிதானத்திலிருந்து இறங்கும் ஒரு சிரையோடு சேர்ந்து இடச் சிறுநீரகச் சிரையில் கலக்கிறது. அப்பக்கத்தில் கவனம் வேண்டுவது கணையத்தின் வால்பகுதியிலும் மண்ணீரலிலும்தான். தமனிகளோ இரு பக்கமும் உதரவிதானத் தமனி, பெருந்தமனி, சிறுநீரகத் தமனி என்னும் மூன்று மூலங்களிலிருந்து மெல்லிய இழைகளாகப் பிரிந்து வந்து சுரப்பியின் விளிம்பெங்கும் நுழைகின்றன.

இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்லாதவை, ஹார்மோனையும் மிகையாகச் சுரக்காதவை. வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படுபவை. அறுவைக்கு உரியவை சில வகைகளே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் 1950-களின் நடுவில் விவரித்த நோயில், பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த ஒரு சிறு கட்டி ஆல்டோஸ்டீரோனை மிகையாகச் சுரந்து, மருந்துக்கு அடங்காத இரத்தக்கொதிப்பையும் பொட்டாசியக் குறைவையும் உண்டாக்குகிறது. குஷிங் நோய்க்குறியில் கார்டிசோல் மிகுந்து முகம் உருண்டு, தசை நலிந்து, எலும்பு தேய்கிறது. அகணியில் எழும் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டியோ, தொட்டாலே அட்ரினலின் வகை ஹார்மோன்களை இரத்தத்தில் கொட்டி, அழுத்தத்தைச் சில நொடிகளில் ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகக்கூடியது. அதனால்தான் இக்கட்டியுள்ளவர்களுக்கு ஓரிரு வாரம் முன்னதாகவே இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்து கொடுத்துத் தயார்ப்படுத்திய பின்னரே அறுவை மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். அட்ரீனல் புறணிப் புற்று இவை எல்லாவற்றையும்விட அரியது. அது உறுதியாகத் தெரியும்போது சிறு துளைகளின் வழியே செய்யும் நுண்துளை முறையைவிட வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையையே பலர் இன்றும் நாடுகிறார்கள்.

அந்தப் பழைய முறை சாதாரணமானதன்று. 1926-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செசார் ரூவும், அதே ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் ஃபியோகுரோமோசைட்டோமாவை வெற்றிகரமாக அகற்றிய நாள்முதல் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள், பெருநெல்லி அளவுள்ள ஒரு கட்டியை எடுப்பதற்காக ஒரு சாண் நீளத்துக்கு வயிற்றையோ விலாவையோ பிளப்பதும், சில வேளைகளில் விலா எலும்பையே வெட்டுவதும் வழக்கமாயிருந்தன. 1992-இல் மாண்ட்ரியாலில் பணியாற்றிய மிஷேல் கான்யே, வயிற்றில் சிறு துளைகளிட்டு, கரியமில வாயுவால் உள்ளே இடம் உண்டாக்கி, ஒரு துளையில் கேமராவும் மற்றவற்றில் நீண்ட மெல்லிய கருவிகளும் செலுத்தி அட்ரீனலை அகற்றியதை அறிவித்தார். ஜப்பானிய மருத்துவர்களும் அதே காலத்தில் அதே முயற்சியில் இருந்தனர். பின்னர் ஜெர்மனியின் எசன் நகரில் மார்ட்டின் வால்ஸ், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகுப்புறத் துளைகளின் வழியே, குடலையோ ஈரலையோ தொடாமல் சுரப்பியை அடையும் முறையைச் செம்மைப்படுத்தினார். பெரிய உறுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறிய சுரப்பிக்கு நுண்துளை வழி இயல்பாகவே பொருந்தியதால், புற்றல்லாத அட்ரீனல் கட்டிகளுக்கு அது சில ஆண்டுகளிலேயே முதன்மை வழியாயிற்று.

பிளவு சுருங்கிய அதே வேளையில் இரண்டு இழப்புகளும் நேர்ந்தன. கையால் தொட்டறியும் வாய்ப்பு பெரும்பாலும் போயிற்று, ஆழமும் போயிற்று. கேமராவின் ஒற்றை வில்லை தரும் படம் தட்டையானது. மனிதருக்கு இரு கண்களும் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒரே பொருளின் சற்றே வேறுபட்ட இரு உருவங்கள் விழித்திரைகளில் விழுகின்றன. அந்த வேறுபாட்டை மூளை தொலைவாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. இங்கிலாந்து இயற்பியலர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் இரு தனி ஓவியங்களைக் கண்ணாடிகளின் உதவியால் இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டி, தட்டையான கோடுகளிலிருந்து திண்மம் எழுவதை மெய்ப்பித்தார். இந்நூற்றாண்டின் அறுவை அரங்கில் இருக்கும் முப்பரிமாணத் திரையும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

ஆழம் அடியோடு மறைந்துவிட்டது என்பதும் மிகை. ஒரு பொருள் மற்றொன்றை மறைத்தால் மறைப்பது முன்னால் இருக்கிறது. கருவி நெருங்க நெருங்க அதன் நிழல் அதனோடு சேர்கிறது. கேமரா அசையும்போது அருகிலுள்ளவை விரைந்தும் தொலைவிலுள்ளவை மெல்லவும் நகர்கின்றன. தட்டைத் திரையில் பழகிய அறுவை மருத்துவர் இக்குறிப்புகளை உணராமலே படித்து, திசுவை மெல்லத் தொட்டுப் பார்த்துத் தொலைவை அளந்துகொள்கிறார். தேர்ந்தவர்களின் கைகளில் தட்டைப் படமே பல்லாயிரம் அட்ரீனல்களைப் பாதுகாப்பாக அகற்றியிருக்கிறது. இதை மறந்துவிட்டு முப்பரிமாணத்தின் புகழ் பாடும் விற்பனைக் குறிப்புகளை வாசகர் சற்று ஒதுக்கியே வைக்கலாம்.

நுண்துளை அறுவைக்கான கேமராக் குழாயே லேப்ராஸ்கோப்பு; அதன் முப்பரிமாண வகையில் ஒரே குழாயின் முனையில் இரு வில்லைகளோ இரு நுண் உணரிகளோ பக்கம்பக்கமாக அமைந்து, இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமான இரு படங்களைத் தனித்தனியே எடுக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் வெவ்வேறு தளவிளைவு கொண்ட ஒளியில், அதாவது ஒளி அலைகள் வெவ்வேறு முறையில் அதிரும்படி ஒழுங்குபடுத்தப்பட்டுத் தோன்றுகின்றன. மருத்துவர் அணியும் மெல்லிய கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தனக்குரிய ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற டா வின்சி ரோபோ அமைப்பில் கண்ணாடிக்கே தேவையில்லை. மருத்துவர் குனிந்து பார்க்கும் மேடையில் இரு கண்களுக்கும் இரு தனித் திரைகளே உள்ளன.

இத்தொழில்நுட்பம் முதல் தடவையிலேயே வென்றுவிடவில்லை. 1990-களில் வந்த கருவிகளில் கண்ணாடியே நொடிக்குப் பலமுறை மாறிமாறி மூடித் திறந்தது. படம் மங்கியது, தெளிவு குன்றியது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹன்னா, குஷியெரி முதலியோர் பித்தப்பை அகற்றும் அறுவைகளில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 1998-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, முப்பரிமாணத்தால் நேரமோ பிழையோ குறையவில்லை என்றும், மாறாகக் கண் அயர்ச்சியும் தலைவலியும் உண்டாயின என்றும் கூறியது. பல மருத்துவமனைகளில் அக்கருவிகள் மூலைக்குப் போயின. உயர் தெளிவுப் படமும் எடையற்ற தளவிளைவுக் கண்ணாடியும் கைகூடிய பின்னரே இந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி அறுவை மருத்துவர் சங்கம் 2018-இல் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, அறுவை நேரத்தைக் குறைக்க முப்பரிமாணப் பார்வை உதவும் என்னும் முடிவுக்கு வந்தது. ஆனால் அத்தகைய முடிவுகளுக்கு அடித்தளமாக இருப்பவை பெரும்பாலும் தையல் மிகுந்த அறுவைகள். அட்ரீனலை மட்டும் எடுத்துக்கொண்ட ஒப்பீடுகள் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. அட்ரீனல் அறுவையில் தையலுக்கு இடம் குறைவு. பிரிப்பதும் அடைப்பதும் வெட்டுவதுமே வேலை. எனவே இங்கே இரு கண் பார்வை தரும் பயனை அளவோடே மதிக்க வேண்டும்.

அந்தப் பயன் எங்கே வெளிப்படுகிறது என்பதை வலப்புற அறுவையின் ஒரு கட்டத்தில் நெருங்கிக் காணலாம். நோயாளி இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கப்பட்டிருக்க, ஈரலைப் பிணைக்கும் மடிப்பு வெட்டப்பட்டு ஈரல் மேலே தூக்கிப் பிடிக்கப்படுகிறது. வெளிர்மஞ்சள் கொழுப்புக்கு நடுவே சற்றே அடர்ந்த பொன்மஞ்சளில் சுரப்பியின் விளிம்பு தெரிகிறது. அதன் இடப்பக்கத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் பெருஞ்சிரை மூச்சுக்கேற்ப விரிந்து சுருங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் மருத்துவர் கொக்கி போன்ற கருவியால் இழை இழையாக விலக்கிக்கொண்டு மேலேறுகிறார். சிரை தென்பட்டதும் வளைந்த முனையுள்ள இடுக்கியை அதன் பின்னால் செலுத்தி மறுபக்கம் முனை வெளிவருவதைக் காண வேண்டும். முனை சிரைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறது, பெருஞ்சிரையின் சுவரை உரசுகிறதா, நடுவே இன்னொரு சிறு குழாய் இருக்கிறதா என்பவை எல்லாம் ஆழம் பற்றிய கேள்விகள். தட்டைப் படத்தில் அனுபவம் ஊகித்துச் சொல்லும் விடையை, இரு கண் படத்தில் பயிற்சி நிலையில் உள்ளவரும் நேரே காண்கிறார். புதியவர்களே முப்பரிமாணத்தால் மிகுதியாகப் பயன்பெறுகிறார்கள் என்று பயிற்சிக்கூட ஆய்வுகள் பல காட்டுவதன் காரணம் இதுவே.

இதுவரை பேசியது அறுவை நடக்கும்போது காணும் முப்பரிமாணம். அதே சொல்லால் வழங்கும் இன்னொன்று அறுவைக்கு முன்பே, கணினியில் பிறக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது மருத்துவச் செய்திகளில் அடிக்கடி நேர்வதுண்டு. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தில் உருவாக்கி 1971-இல் முதன்முதலாக நோயாளியிடம் பயன்படுத்திய சி.டி. ஸ்கேன், எக்ஸ் கதிர்களால் உடலைக் குறுக்கே அரிந்த தாள்களாகப் படம்பிடிக்கிறது. இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமனில் இத்தாள்களைத் தருகின்றன. அயோடின் கலந்த மருந்து சிரையில் செலுத்தப்பட்டு, அது தமனிகளில் நிறைந்திருக்கும் கணத்தில் ஒருமுறையும் சிரைகளுக்குத் திரும்பும் கணத்தில் மறுமுறையும் படமெடுக்கிறார்கள். பின்னர் மென்பொருளின் துணையோடு ஒவ்வொரு தாளிலும் கட்டி எது, சிரை எது, தமனி எது, ஈரல் எது என்று எல்லை வரைந்து பிரித்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், திரையில் எப்பக்கமும் சுழற்றிப் பார்க்கக்கூடிய, ஈரலை மறையச்செய்து அதன் பின்னால் எட்டிப்பார்க்கக்கூடிய ஓர் உருவம் கிடைக்கிறது.

தட்டையான தாள்களைப் பார்த்தே மனத்தில் உருவத்தைக் கட்டிக்கொள்ளும் ஆற்றல் கதிரியக்க மருத்துவருக்கு உண்டு; அப்படியிருக்க இந்த உருவம் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை சிரைகளின் ஒழுங்கின்மையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் தாங்கள் லேப்ராஸ்கோப்பி வழியே அகற்றிய 546 அட்ரீனல்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவற்றுள் 70-இல், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றில், சிரை அமைப்பு பாடநூல் கூறுவதுபோல் இல்லை. சிலவற்றில் ஒன்றுக்குப் பதில் இரு சிரைகள் இருந்தன; சிலவற்றில் முதன்மைச் சிரையோடு பல சிறு சிரைகள் சேர்ந்திருந்தன; சிலவற்றில் முதன்மைச் சிரை என்று ஒன்றைச் சுட்டவே இயலவில்லை. இந்தப் பிறழ்வு வலப்புறத்திலும், பெரிய கட்டிகளிலும், ஃபியோகுரோமோசைட்டோமாவிலும் மிகுதி என்பது கவனத்துக்குரியது. எங்கே இரத்தக்கசிவு கூடாதோ அங்கேதான் வரைபடம் மாறியிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்த இரண்டாவது சிரை ஒரு கிளிப்பில் முடிந்துவிடும். தெரியாத இரண்டாவது சிரை கிழிந்த பிறகே தன்னை அறிவிக்கும்.

பார்க்கும் திசையும் ஒரு காரணம். முதுகுப்புற வழியில் செல்பவருக்கு உடற்கூறு முழுவதும் பின்னாலிருந்து தெரிகிறது. நூல்களில் முன்னாலிருந்து பார்த்துப் பழகிய படத்தை மனத்தில் புரட்டிப்போட வேண்டியிருக்கிறது. கணினி உருவத்தையோ அவர் செல்லும் திசைக்கே திருப்பி நிறுத்தி, சிறுநீரகத்தின் மேல்முனையிலிருந்து கட்டி எத்தனை சென்டிமீட்டர் மேலே, பெருஞ்சிரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகி என்று அளந்துகொள்ளலாம். இக்காரணத்தாலேயே, அட்ரீனலைப் பொறுத்தவரை, அறுவை அரங்கின் கண்ணாடியைவிட முந்தின நாள் மேசையில் சுழற்றிப் பார்த்த உருவமே பெரிய ஆதாயம் என்று சொல்லத் தோன்றுகிறது.

எனினும் அவ்வுருவம் புகைப்படமன்று. சிரைக்கு நீலமும் தமனிக்குச் சிவப்பும் மென்பொருள் பூசிய நிறங்கள். வழவழப்பான அதன் விளிம்புகள் ஒருவர் எங்கே எல்லை கட்டினாரோ அங்கே எழுந்தவை. ஒரு மில்லிமீட்டர் அளவிலான நுண்குழாய்கள் பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. இல்லாததை இல்லையென்றே நம்பிவிடும் ஆபத்து அழகான படத்தில் கூடுதல். கட்டியின் தன்மையைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை. கட்டி கொழுப்புச் சத்து மிகுந்த, தீங்கற்ற வகையா என்பதை ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அடர்த்தி அலகே, அதுவும் மருந்து செலுத்தாத படத்தில் 10-க்குக் கீழே இருக்கிறதா என்பதை வைத்து, உணர்த்துகிறது; அது ஹார்மோன் சுரக்கிறதா என்பதை இரத்தமும் சிறுநீருமே சொல்ல முடியும்.

இவ்விரு முப்பரிமாணங்களையும் ஒன்றாக்க முடியுமா என்னும் கேள்விக்கு களமானவற்றுள் அட்ரீனலும் ஒன்று. பிரான்சின் ஸ்டிராஸ்பூர் நகரில் ழாக் மரெஸ்கோ 1994-இல் நிறுவிய இர்காட் ஆய்வுநிலையத்தினர், சி.டி.யிலிருந்து கட்டிய உருவத்தை அறுவை நடக்கும்போதே லேப்ராஸ்கோப்பின் படத்தின்மேல் ஒளி ஊடுருவும் படலமாகப் பொருத்தி அட்ரீனலை அகற்றியதை 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் தெரிவித்தனர். கொழுப்பு இன்னும் விலக்கப்படாத நிலையிலேயே அதற்குள் மறைந்திருக்கும் கட்டியும் சிரையும் திரையில் தெரிந்தன. 2001-இல் நியூயார்க்கில் அமர்ந்தபடி ஸ்டிராஸ்பூரில் படுத்திருந்த நோயாளிக்கு ரோபோ வழியே பித்தப்பை அகற்றியவர்களும் இதே குழுவினரே.

அட்ரீனலை அவர்கள் தேர்ந்தது பொருத்தமாகவே இருந்தது. குடலைப்போல் அலையாமல் முதுகுச் சுவரை ஒட்டி நிற்கும் சுரப்பி அது. அப்படியிருந்தும் படலம் துல்லியமாகப் பொருந்துவது அரிது. ஸ்கேன் எடுத்தபோது நோயாளி மல்லாந்து, மூச்சை அடக்கிப் படுத்திருந்தார். அறுவையிலோ பக்கவாட்டில் சாய்ந்தோ குப்புறவோ கிடக்கிறார், கருவி ஒன்று மூச்சை ஏற்றி இறக்குகிறது, ஈரல் தூக்கப்பட்டிருக்கிறது, வாயு உள்ளிருப்பனவற்றை அழுத்துகிறது. வயிற்று வழியில் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமும், முதுகு வழியில் 20-க்கு மேலும் கொடுக்கப்படும் வாயு சிரைகளைத் தட்டையாக்கிவிடுவதால், ஸ்கேனில் விரலளவு பருமனாகத் தெரிந்த பெருஞ்சிரை கண்ணெதிரே நாடாபோல் ஒடுங்கிக் கிடக்கும். இந்த அழுத்தம் நுண்சிரைகளின் கசிவை நிறுத்தி அறுவைக்களத்தைத் துப்புரவாக வைப்பது நன்மை. பெருஞ்சிரையில் நேர்ந்த சிறு கிழிசலையும் வாயு இறங்கும்வரை மறைத்துவைக்கக்கூடும் என்பது அதன் மறுபக்கம். ஆதலால் முடிப்பதற்கு முன் அழுத்தத்தைக் குறைத்துக் களத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கமாக உள்ளது. ஒரு சென்டிமீட்டர் சிரைக்குச் சில மில்லிமீட்டர் பிசகு சிறியதன்று. அதனால் பல மருத்துவமனைகள் படலத்தை மேலே பொருத்தாமல், உருவத்தைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே ஒப்பிடும் எளிய வழியோடு நிற்கின்றன.

இரு முப்பரிமாணங்களும் உண்மையிலேயே ஒன்றையொன்று வேண்டி நிற்பது, சுரப்பி முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் அரிந்தெடுக்கும் அறுவையில்தான். வான் ஹிப்பெல்-லிண்டாவ், இரண்டாம் வகைப் பல்சுரப்பிக் கட்டி நோய் போன்ற பரம்பரை நோய்களில் இரு அட்ரீனல்களிலும் ஃபியோகுரோமோசைட்டோமா தோன்றுவதுண்டு. இரண்டையும் முழுதாக எடுத்துவிட்டால், நோயாளி வாழ்நாள் முழுவதும் கார்டிசோலையும் உப்பைக் காக்கும் ஹார்மோனையும் மாத்திரையாக விழுங்க வேண்டும். ஒரு காய்ச்சலின்போது அளவைக் கூட்ட மறந்தாலும் உயிருக்கே ஆபத்து. புறணியில் மூன்றிலொரு பங்கு, சிலருக்கு அதற்கும் குறைவாக, இரத்த ஓட்டத்தோடு எஞ்சினால் இந்த நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். நல்ல திசு கட்டியின் எந்தப் பக்கத்தில் ஒதுங்கியிருக்கிறது, எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணினி உருவம் முன்னதாகவே சொல்கிறது. கட்டி புடைத்து நிற்கும் வரம்பையும், புறணி மெல்லிதாகச் சரியும் இடத்தையும் அறுவையின்போது இரு கண் படமே காட்டுகிறது.

இவ்வகை அறுவையில் வால்ஸ் முதலியோர் கண்ட ஒரு செய்தி, குட்டையான அந்த முதன்மைச் சிரையின் தகுதியையே மாற்றிவிடுகிறது. கட்டி அதன் மேலேயே அமர்ந்திருந்தால் சிரையை வெட்டியாக வேண்டும். வெட்டிய பின்னும், எஞ்சிய திசுவைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து பிரிக்காமல் விட்டுவைத்தால், உறையின் வழியே செல்லும் நுண்சிரைகள் அதன் இரத்தத்தை வடித்து அதை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்த நுண்சிரைகளே கணினி உருவத்தில் விடுபட்டுப்போனவை; அவற்றைத் தொடாமல் கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை மருத்துவர் திரையில், அந்தக் கணத்தில், இரு கண்ணாலும் பார்த்தே முடிவுசெய்கிறார்.